ஏழாம் எண் கூடை

பெரியவளுக்கு அழுக்கு ஆகாது. சின்னவளும் ஆகாது. இரண்டில் எது அதிகம் ஆகாது என்று கேட்டால், அழுக்கையாவது தேய்த்துப் போக்கலாமே என்பாள்.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு, ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாய்க் குடியிருக்கிற ஓரகத்திகள். இரண்டு வீட்டுக்கும் பின்னால் படிகள் இறங்கும். படிகளுக்குக் கீழே கடலிலிருந்து ஊருக்குள் புகுந்து வரும் உப்புக் கால்வாய். பெரியவள் வீட்டின் கீழ்த்தளம் முழுக்கச் சலவைக் கடை. கடைக்குள் எது வந்தாலும் அதன் ஓரத்தில் அழியாத மையால் மூன்று புள்ளியும் ஒரு கோடும் போட்டுவிடுவாள். துணி மாறிப் போகக் கூடாது என்பதற்கான குறி. பழக்கம் முற்றிப்போய் வீட்டுத் தலையணை, குடை, கணவரின் பல் செட் டப்பா வரைக்கும் அந்தக் குறி ஏறியிருந்தது.

சின்னவள் கல்யாணமான புதிதில் மூன்று வருடம் அந்தக் கடையில்தான் துணிக்குக் குறி போட்டாள். பிறகு ஒரு நாள், "அக்கா, ஓட்டல்ல வேலை கிடைச்சிருக்கு, போய்ப் பாக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு எல்லாமே அப்படித்தான், சிரித்தால் நடந்துவிடும். மாமியார் காய்ச்சலில் படுத்தால் மருந்து கொடுத்து, கால் பிடித்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது பெரியவள். காய்ச்சல் விட்டுக் கண் திறந்ததும் கிழவி கேட்பது, "சின்னவ எங்க?" பதினாறு வருடமாக இதே கதை. பெரியவளுக்கு வயிறு எரிந்து எரிந்து, அது இல்லாவிட்டால்தான் உடம்புக்கு ஏதோ கோளாறு என்று ஆகிப்போனது.

சிப்பி விவகாரம் வந்தபோதாவது இது மாறும் என்று நினைத்தாள்.

கால்வாய் கறுத்துப்போய், தண்ணீர் வடிகிற நேரமெல்லாம் மூக்கைப் பொத்த வைத்தது. மீன் வரத்து நின்றது. தெருவுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, சலவைக் கடை கண்ணெதிரே இருந்தது. "எல்லாம் அந்தச் சோப்புத் தண்ணிதான்" என்றார்கள். அவள் கடைத் தண்ணீரில் ஒரு சொட்டுகூடக் கால்வாய்க்குப் போகாது. தொட்டியில் விழுந்து, மணலில் வடிந்து, தெருச் சாக்கடைக்குழாயில் சேரும். யார் கேட்கிறார்கள்? அந்தப் பழியைத் துடைக்கத்தான், தண்ணீர் ஆராய்ச்சிக்காரம்மா ஒருத்தி வந்து தெருவில் கூட்டம் போட்டபோது, பெரியவள் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். அந்த அம்மா எப்போது பார்த்தாலும் கண்ணாடிக் குழாயில் கால்வாய்த் தண்ணீரைப் பிடித்து உப்பு பார்த்துக்கொண்டிருந்ததால் உப்பு மேடம் என்று பெயராகிவிட்டது.

உப்பு மேடம் சொன்னது எளிது. சிப்பிகள் நாள் முழுக்கத் தண்ணீரை உள்ளே இழுத்து, கலங்கலைத் தின்றுவிட்டுத் தெளிந்த தண்ணீரை வெளியே விடும். கால்வாயில் ஒரு சிப்பித் திட்டு உண்டாக்கிவிட்டால் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும். ஆனால் திட்டை எங்கே போடுவது? அதற்குப் பன்னிரண்டு வீட்டுப் படிகளில் பன்னிரண்டு வலைக்கூடைகள் தொங்கும், எல்லாவற்றிலும் பழைய சிப்பி ஓடுகள். தண்ணீரில் மிதந்து வரும் சிப்பிக் குஞ்சுகள் எந்தக் கூடையில் அதிகம் ஒட்டுகின்றனவோ, அந்த வீட்டுப் படிக்கு எதிரே திட்டு. அதைப் பார்த்துக்கொள்வதும் அந்த வீடுதான்.

பெரியவள் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். திட்டு தன் படிக்கு எதிரேதான் வர வேண்டும். தன் கடை வாசலில் சிப்பி வளர்ந்தால், அதற்கப்புறம் எவன் சோப்புத் தண்ணி என்று வாயைத் திறப்பான்?

வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தாள். வலை தைத்தாள். கயிறு முறுக்கினாள். அடுத்த கூட்டத்தில் உப்பு மேடம் எழுந்து நின்று, "நம்ம வேலைக்கு உயிர் கொடுத்த ஒருத்தருக்கு எல்லாரும் கை தட்டணும்" என்றபோது, பெரியவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். மேடம் கை காட்டியது சின்னவளை. ஓட்டலில் கழித்த சிப்பி ஓடுகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, மொட்டைமாடியில் மாதக்கணக்கில் காயப்போட்டவள் அவள்தானாம். தெருவே கை தட்டியது. பெரியவளின் கணவர் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

பெரியவள் எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் அந்தக் கூட்டத்தில், ஒட்டின சிப்பிக் குஞ்சு எப்படி இருக்கும் என்று மேடம் பெரிய படம் போட்டுக் காட்டினாள். அதைப் பார்க்காத ஒரே கூடைக்காரி இவள்தான்.

ஏழாம் எண் கூடை பெரியவளுக்கு, எட்டு சின்னவளுக்கு. கூடையில் போடுவதற்கு முன்பு ஓடுகளின் வெள்ளையான உள்பக்கத்தில், கை தன் பாட்டுக்குக் குறி போட்டுவிட்டது. மூன்று புள்ளி, ஒரு கோடு.

வாரம் ஒரு தரம் கூடையைத் தூக்கி, படிந்த சேற்றை அலசிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. சின்னவள் இரண்டு தரம் தண்ணீருக்குள்ளேயே முக்கி ஆட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள். பெரியவள் அப்படி விடுகிற ஆளா? சலவைக்கல்லைத் தேய்க்கும் கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து, ஒவ்வோர் ஓடாகத் தேய்த்தாள். கடுகுக்கும் சின்னதாய், பழுப்பும் கறுப்புமாய்ப் பொட்டுப் பொட்டாக ஏதோ ஓட்டில் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றது. கறையோடு அவளுக்கு முப்பது வருடப் பழக்கம். மழுங்கின கத்தியால் சுரண்டி எடுத்தாள். ஞாயிறுதோறும் ஏழாம் எண் கூடை பளிச்சென்று தண்ணீருக்குள் இறங்கியது. பக்கத்தில் எட்டாம் எண் பாசியும் சேறுமாய்த் தொங்குவதைப் பார்க்க அவளுக்கு இதமாக இருந்தது.

முதல் எண்ணிக்கையில் எட்டில் நாற்பத்தொன்று. மற்ற வீடுகளில் பத்து, பதினைந்து. ஏழில் ஒன்றுகூட இல்லை.

"வாங்க, எல்லாரும் பாருங்க, எவ்வளவு அழகா ஒட்டியிருக்கு" என்று உப்பு மேடம் பூதக்கண்ணாடியை நீட்டினாள். தெரு முழுக்க வரிசையில் நின்று குனிந்து பார்த்தது. பெரியவள் பார்க்கவில்லை. சின்னவள் கூடைக்கு முன்னால் குனிவதா? நாற்பத்தொன்றும் ஓடுகளுக்கு நடுவில், பூதக்கண்ணாடி இல்லாமல் கண்ணுக்குத் தெரியாத குட்டிச் சிப்பிகளாய் உட்கார்ந்திருக்கும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

மேடம் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பக்கத்துப் படியில நாற்பத்தொன்னு, உங்க படியில சுத்தமா இல்ல. சோப்புத் தண்ணி எங்கயோ கசியுதோன்னு சந்தேகமா இருக்கு. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா, கடையை இங்கேருந்து மாத்தச் சொல்லி நான் எழுதித்தான் ஆகணும்."

பெரியவளுக்குக் காலுக்குக் கீழே படி இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியது. பழியைத் துடைக்கப் போனவள் கையிலேயே பழி வந்து ஒட்டிக்கொண்டது.

மறுநாள் நடுமதியம், தெரு சாப்பிட்டுவிட்டுக் கண்ணசந்த நேரம், அவள் தண்ணீரில் இறங்கினாள். எண் எழுதின தகடு கயிற்றில் இருந்தது, கூடைகள் எல்லாம் ஒரே மாதிரி. ஏழாம் கூடையை அவிழ்த்து எட்டின் கயிற்றில் மாட்டினாள். எட்டை அவிழ்த்து ஏழின் கயிற்றில் மாட்டினாள். சின்னவளுக்கு என்ன நஷ்டம், ஓட்டல் வேலை இருக்கிறது, ஊர் மெச்சுகிறது, மாமியார் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறாள் என்று மனதுக்குள் நியாயம் பேசிக்கொண்டே முடிச்சை இறுக்கினாள்.

ஒன்றுதான் உறுத்தியது. வந்த கூடை ஒரே பாசியும் சேறும். பார்த்தவுடன் சின்னவளுடையது என்று தெரு சொல்லிவிடும். கம்பி பிரஷ்ஷை எடுத்துவந்தாள். இந்தக் கூடையில் கறை ரொம்பப் பிடிவாதம். ஒவ்வொன்றும் மிளகு அளவுக்கு இருந்தது. கத்தி நுனியால் நெம்பி நெம்பி எடுத்தாள். கை வலித்தது, ஆனாலும் ஒரு பொட்டை விடவில்லை. அடுத்து வந்த ஞாயிறுகளிலும் விடவில்லை.

இரண்டாவது எண்ணிக்கை அன்று படியில் கூட்டம் நெரிந்தது. பெரியவள் இஸ்திரி போட்ட புடவையில் வந்து நின்றாள். ஏழாம் கூடை மேலே வந்தது. உப்பு மேடம் ஓட்டைத் திருப்பினாள், இன்னோர் ஓட்டைத் திருப்பினாள், கடைசி ஓடு வரைக்கும் பார்த்தாள்.

"ஒன்னுகூட இல்ல."

"நல்லா பாருங்க மேடம்!" பெரியவளின் குரல் அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை.

எட்டாம் கூடையில் எண்ணி முடிக்கவே நேரம் பிடித்தது. அறுபத்து மூன்று. "ஆனா எல்லாமே ரொம்பச் சின்னது, இந்த மாசம்தான் வந்து ஒட்டியிருக்கு. போன மாசத்துப் பெரிய குஞ்செல்லாம் எங்க போச்சு?" மேடம் முணுமுணுத்துக்கொண்டே ஓர் ஓட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். "இது என்ன கறுப்பா? மூணு புள்ளி, ஒரு கோடு?"

சின்னவள் எட்டிப் பார்த்தாள். மூன்று வருடம் தன் கையால் போட்ட குறி அவளுக்குத் தெரியாதா? நிமிர்ந்து பெரியவளை ஒரு தரம் பார்த்தாள். பிறகு எப்போதும் போலச் சிரித்தாள்.

"அதுவா மேடம்? என் பொண்ணு பேனாவும் கையுமாத்தான் திரியறா. கிறுக்கியிருப்பா."

மேடம் தலையாட்டிவிட்டு நோட்டைத் திறந்தாள். "சரி. ஏழுல ரெண்டு தடவையும் எதுவும் இல்ல. நான் எழுதித்தான் ஆகணும்மா." தெருவில் யாரோ, "அப்பவே சொன்னேன், சோப்புத் தண்ணின்னு" என்றார்கள். பெரியவளின் கணவர் தரையைப் பார்த்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் தப்பும், கடை போகும். வாயைத் திறந்தால் கடை ஒருவேளை தப்பும், மானம் போகும். அவள் இரண்டையும் யோசித்தாள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் யோசிக்கவில்லை. அவள் கண் சின்னவள் முகத்தில்தான் இருந்தது. அந்த முகத்தில் இரக்கம் இருந்தது. இனி சாகிற வரைக்கும் இவள் தயவில் நல்லவளாக இருக்க வேண்டும். காலையில் எழுந்தால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்த இரக்கம் சிரிக்கும். அதை மட்டும் பெரியவளால் தாங்க முடியாது.

"அவ பொண்ணு கிறுக்கல," என்றாள். "அது என் கடைக் குறி. நான்தான் கூடையை மாத்தி மாட்டினேன்."

மேடம் நோட்டை மூடினாள். "அப்படின்னா இந்த ஏழுல தொங்கினதுதான் போன மாசத்து எட்டா? அதுல இருந்த நாற்பத்தொரு குஞ்சு எங்க?"

"குஞ்செல்லாம் நான் பாக்கல. அழுக்கா இருந்தது, தேய்ச்சேன்."

"எதால?"

"கம்பி பிரஷ்ஷால. போகாததைக் கத்தியால."

மேடம் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டாள். "உங்க கூடையையும் இப்படித்தான் தேய்ச்சீங்களா?"

"ஞாயித்துக்கிழமை தவறாம."

முதலில் சிரித்தது கூட்டத்தில் நின்ற ஒரு படகுக்காரர். அப்புறம் தெருவே சிரித்தது. மேடம் மட்டும் சிரிக்காமல் பூதக்கண்ணாடியை அவள் கையில் வைத்தாள். பெரியவள் எட்டாம் கூடை ஓட்டின் மேல் குனிந்தாள். கண்ணாடிக்கு அடியில் அந்தப் பழுப்புப் பொட்டு, பொட்டாக இல்லை. விளிம்பும் வரியும் மூடின வாயுமாக, நகக்கண்ணில் அடங்குகிற முழுச் சிப்பி.

ஒவ்வொரு ஞாயிறும் பிரஷ்ஷைக் குழாயடியில் தட்டிக் கழுவியபோது கறுப்புக் கறுப்பாக ஓடியதெல்லாம் கண்முன் வந்தது. சோப்புத் தண்ணீர் கசியவில்லை என்பதற்கு அவள் படியில் வாராவாரம் சாட்சி வந்து ஒட்டியிருக்கிறது. அவளே உட்கார்ந்து சுரண்டிப் போட்டிருக்கிறாள்.

திட்டு எட்டாம் படிக்கு எதிரே என்று முடிவானது. ஏழாம் கயிற்றில் புதுக் கூடை தொங்கும், இரண்டு மாதம் யாரும் கை வைக்கக் கூடாது, அதைப் பார்த்துவிட்டுத்தான் கடையைப் பற்றி எழுதுவேன் என்று மேடம் சொன்னாள். கம்பி பிரஷ்ஷை அவளே கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு சின்னவள் பக்கத்தில் வந்து படியில் உட்கார்ந்தாள். "ஏன்க்கா சொன்னீங்க? நான்தான் சமாளிச்சேன்ல?"

பெரியவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு, "வாரம் தவறாம தேய்ச்சிருக்கேன். அத்தனை தடவையும் திரும்பத் திரும்ப வந்து ஒட்டியிருக்கு. எல்லாத்தையும் கூட்டினா உன்னோடதைவிட என்னோடதுலதான் அதிகம் இருந்திருக்கும்" என்றாள்.

"இருந்திருக்கும்க்கா," என்றாள் சின்னவள், உடனே, மனதாரவே.

அவள் அப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டதும் பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.