எடை மெஷினுக்கு யார்?

இளையோர் உடல்நல முகாமுக்கு ஆள் பிரிக்கிற வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது. கண் பார்க்க மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், பல் பார்க்கக் கல்லூரி மாணவர்கள், பையன்களை இழுத்து வர உடற்பயிற்சிக் கூடத்து மாஸ்டர். கேட்டதும் தலையாட்டிவிட்டார்கள். எடை மெஷின் பக்கத்து நாற்காலிதான் நர்ஸுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

அந்த நாற்காலி அத்தையுடையது. யாரும் கொடுக்கவில்லை, அவளாக எடுத்துக்கொண்டது. நர்ஸின் அப்பாவுடைய அக்கா, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு அவளுக்குத்தான், குரலுக்கு இல்லை. போன வருடம் மெஷினில் ஏறிய ஒவ்வொரு பெண்ணின் எடையையும் ஸ்டாப் பெயர் கூவுவதுபோலக் கூவினாள். ஒருத்தி அழுதுகொண்டே போனாள். வரிசையில் நின்ற மற்றவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நழுவிவிட்டார்கள்.

இன்று காலை பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை போனில் பட்டென்று சொல்லிவிட்டார்: "அந்த அம்மா மறுபடியும் அங்க உட்கார்ந்தா எங்க பிள்ளைங்கள அனுப்ப மாட்டேன்."

அந்தப் பள்ளி இல்லையென்றால் முகாமுக்குப் பெண்பிள்ளைகளே இல்லை. இன்றைக்கே பதில் சொல்லியாக வேண்டும். அந்த நேரம் பார்த்து அத்தை சாப்பாட்டு டப்பாவோடு கிளினிக்கில் வந்து நின்றாள்.

"என்னடி, மூஞ்சியே சரியில்ல?"

"அத்தை, இந்த வருஷம் நீங்க..." நர்ஸ் மென்று முழுங்கினாள். "எடை மெஷின்கிட்ட வேண்டாம்." காரணத்தையும் சொன்னாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அத்தை டப்பாவைத் திறந்தாள், மூடினாள். "அந்தப் பொண்ணு அழுதாளா? எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"மெதுவாச் சொன்னாப் போச்சு. எனக்கு வராதா? ஏறு, காட்டறேன்."

நர்ஸ் செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறினாள். அத்தை குனிந்து பார்த்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து எடுக்காத கவனத்தோடு கிசுகிசுத்தாள். "அறுபத்தெட்டு."

உள்ளே மருந்து அறையிலிருந்து கம்பவுண்டர் கேட்டார்: "அறுபத்தெட்டா? அறுபத்தஞ்சுன்னு சொன்னீங்களே, நர்ஸம்மா?"

நர்ஸின் முகம் சுண்டிப்போயிற்று. சட்டென்று இறங்கிச் செருப்பைத் தேடினாள். அத்தை அந்த முகத்தையே பார்த்தாள்.

"ரெண்டு பிள்ளை பெத்தவ, உனக்கே இப்படி இருக்கே. அதுங்க சின்னதுங்க." நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்போ அங்க யாரு?"

"தையல்காரம்மா. எத்தனையோ பேருக்கு அளவெடுத்தவங்க, ஒருத்தர் இடுப்பு இன்னொருத்தருக்குத் தெரியாது."

"அவ வாயத் திறந்து நானே பார்த்ததில்ல. சரியான ஆளுதான்." அத்தை புடவைத் தலைப்பை நீவினாள். "நான் அன்னிக்கு வீட்லயே இருந்துக்கறேன்."

"இருந்தீங்கன்னா நான் செத்தேன். டாக்டர் ஒரு பொண்ணுகிட்ட ஏதாவது கேட்டா அம்மாக்காரி பதில் சொல்றா. பிள்ளைங்க தனியாப் பேசணும், அத்தை. வாசல்ல நின்னு அம்மாக்களத் தடுக்க ஆளே இல்ல. என்னைத் தள்ளிட்டுப் போயிடறாங்க."

"ஆறுதலுக்குச் சொல்றியா?"

"தடுக்க நின்ன மாஸ்டரையே போன தடவ பையால அடிச்சாங்க."

அத்தை நிமிர்ந்தாள். "படியில தொங்கினவங்களையெல்லாம் எறக்கி விட்டவடி நான். போனைப் போடு."

நர்ஸ் தலைமையாசிரியைக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் உடனே ஒப்புக்கொண்டார். "ரொம்ப நல்லது, அனுப்பறேன். என் பொண்ணும் வர்றா. அவளுக்குப் பேசவே தெரியாது, நான் கூட உள்ள வந்துடறேன்."

போன் ஸ்பீக்கரில் இல்லை. அத்தைக்கு அது தேவையும் இல்லை. நர்ஸின் தோளுக்கு மேலாகக் குனிந்தாள்.

"அம்மாக்களுக்கு உள்ள இடமில்ல, டீச்சர். எங்கூட வாசல்ல நில்லுங்க."

நர்ஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறகு தலைமையாசிரியை, வகுப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளைபோல, "சரிங்க" என்றார்.