பழைய ஊரில் அம்மாவின் கொப்பரை

அந்த இடத்துக்கு ஒரு நீளமான பெயர் உண்டு. நெடுஞ்சாலை ஓரத்துப் பலகைகளில் எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் மலைப்பக்கத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "பழைய ஊர்" என்போம். அது பழையதும் இல்லை, ஊரும் இல்லை. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் தெற்கு மூலையில் அணை கட்டி ஏரி நிறைந்ததும், மீன்பிடிக்க வரும் வெளியூர்க்காரர்களின் மனைவி மக்கள் பகல் முழுக்க என்ன செய்வார்கள் என்று யாரோ யோசித்து, ஒரு பள்ளத்தாக்கில் நூறு வருஷத்துக்கு முந்தையது போல ஒரு தெருவைக் கட்டினார்கள். அப்போது நான் மூன்றாம் வகுப்பு.

உங்களுக்குச் சொல்வதற்காக உட்கார்ந்து யோசித்தால் எனக்கு முதலில் வருவது வாசனைதான். கொல்லன் பட்டறைக் கரி, ஆப்பிளைக் கொப்பரையில் இட்டுக் கருக்கக் கருக்கக் கிண்டும் வாசனை, அறுத்த தேவதாரு மரம். பிறகு மெழுகுவத்திக் கொட்டகை. ஒரு திரியைக் கையில் கொடுப்பார்கள். மெழுகில் முக்கி எடுத்து, கொட்டகையை ஒரு சுற்று நடந்து வந்து மறுபடி முக்க வேண்டும். நடக்கிற நேரத்தில்தான் அது ஆறும். என் தங்கை விர்லாவுக்கு நடக்கப் பொறுமை இல்லை. உள்ளேயே பிடித்துக்கொண்டு நின்றாள். ஏற்கெனவே ஏறியிருந்த மெழுகும் உருகிப்போய் வெறும் திரியோடு அழுதுகொண்டே வந்தாள்.

ஒரு சின்ன ரயில் ஓடும். வழியில் முகத்தில் துணி கட்டிய கொள்ளைக்காரர்கள் மறிப்பார்கள். அதில் ஒருவர் எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவர். எங்கள் பெட்டிக்கு வந்ததும் துப்பாக்கியைத் தாழ்த்தி, "நீங்க கைய கீழ போடுங்க. உங்க வீட்ல எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும்" என்பார். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நாங்களும் சிரிப்போம். உண்மைதானே.

அப்பா இருந்தவரை வருஷத்துக்கு ஒரு தடவை போனோம். எனக்குப் பன்னிரண்டு வயதான குளிர்காலத்தில், தண்டவாளக் கட்டைக்கு மரம் வெட்டப் போன இடத்தில் மரம் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு கன்சாஸ் சிட்டியில் இருந்த டோய்ல் மாமா மாதத்துக்கு ஒரு கடிதம் போட்டார். அவர் அம்மாவின் அண்ணன். வீட்டை விற்றுவிட்டு வா, பின்பக்க அறை காலியாக இருக்கிறது, இறைச்சித் தொழிற்சாலையில் வேலைக்குச் சொல்லி வைக்கிறேன், நவம்பர் முதல் தேதி லாரி கொண்டு வருகிறேன் என்று எழுதினார். அவர் நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். அம்மாவுக்குப் பயம் அவரைப் பற்றி இல்லை. "இன்னொருத்தி அடுப்படியில அவ எப்ப நகருவான்னு நான் நின்னுக்கிட்டிருக்க முடியாது" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்காததால்தான் அது எவ்வளவு பெரிது என்று எங்களுக்குத் தெரிந்தது.

செப்டம்பர் கடைசியில் பழைய ஊரில் இருந்து ஆள் வந்தது. அக்டோபரில் மூன்று வாரம் கைத்தொழில் விழா. சோப்புக் காய்ச்சிக் காட்ட ஒரு பெண் வேண்டும். மலைப்பக்கத்துப் பெண்ணாக, கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லத் தெரிந்தவளாக இருக்க வேண்டும். மேற்பார்வையாளர் ஹோபர்ட் கெசிங்கர் முதல் வாரம் பார்ப்பார். சரிப்பட்டால் விழா முழுக்க வேலை, குளிர்காலத்தில் வேஷத்துணி தைக்கிற கொட்டகையில் இடம், ஏப்ரலில் வாசல் திறந்ததும் மறுபடி கொப்பரை. சரிப்படாவிட்டால் நவம்பர் முதல் தேதிதான்.

அம்மா சோப்புக் காய்ச்சி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. கடைச் சோப்பு வாங்க முடிந்த அன்றே கொப்பரையைக் கோழிக்குத் தண்ணீர் வைக்கத் தள்ளிவிட்டவள். ஆனாலும் கை மறக்கவில்லை. பீப்பாயில் ஹிக்கரி மரச் சாம்பலைக் கொட்டி, மேலே மழைத்தண்ணீர் ஊற்றி, பன்றிக் கொழுப்போடு சேர்த்துக் காய்ச்ச அடியில் சொட்டும் காரநீரைப் பிடித்தாள். ஒரு முட்டையை அதில் விட்டுப் பார்த்தாள். முட்டை மிதந்து, மேலே ஒரு காசளவு வெளியே தெரிந்தால் பதம். தெரிந்தது.

விழாவின் முதல் சனிக்கிழமை. எனக்கும் விர்லாவுக்கும் இலவச அனுமதிச் சீட்டு. ஒன்பதரைக்கு வாசல் திறந்ததும் நேராக அம்மாவின் கொட்டகைக்கு ஓடினோம். அம்மாவுக்கு அவர்கள் கொடுத்த நீளப் பாவாடை, காது மறைக்கும் துணித் தொப்பி. கொப்பரை கவிழ்த்து வைத்திருந்தது. மணல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. அம்மா பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, யாருடைய அவரைக்காயையோ நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பின்னாலேயே ஐம்பது அறுபது பேரைக் கூட்டிக்கொண்டு கெசிங்கர் வந்தார்.

"சோப்பு எங்கம்மா?" என்றார்.

"அதோ, பெட்டியில ஊத்தியிருக்கு. நாளைக்கு அறுக்கலாம்."

"காய்ச்சி முடிச்சிட்டியா?"

"விடியக்காலைல வந்தேன். காத்து எழும்பறதுக்குள்ள முடிச்சிட்டேன். பொங்கல, தீயல, நல்லா வந்திருக்கு."

எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் அப்படித்தான் செய்வாள். வெயிலேறினால் காற்று வரும், காற்று வந்தால் நெருப்பு பாவாடைக்குத் தாவும். அதற்கு முன்பே முடித்துவிடுகிறவள்தான் கெட்டிக்காரி. அம்மா பாராட்டை எதிர்பார்த்து நின்றாள். கெசிங்கர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"நீ காய்ச்சறதப் பாக்கத்தாம்மா இவங்க வந்திருக்காங்க."

"அப்ப இன்னும் கொஞ்சம் வெள்ளன வந்திருக்கணும்" என்றாள் அம்மா. கேலி செய்யவில்லை. அவளுக்கு நிஜமாகவே அவர்கள் மேல் இரக்கமாக இருந்தது.

பக்கத்துக் கொட்டகையில் துடைப்பம் கட்டும் யூவெல் என்ற கிழவர் வாயில் இருந்த நூலைத் துப்பிவிட்டுச் சிரித்தார். கெசிங்கர் சிரிக்கவில்லை. கூட்டத்தைக் கண்ணாடி ஊதுகிறவரிடம் ஓட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து, மெதுவாகச் செய் என்றும், நாள் முழுக்கக் கொப்பரை கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும், அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் முடிவு சொல்வதாகவும் சொன்னார்.

அந்த வாரம் அம்மா பட்ட பாட்டை இப்போது சொன்னால் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். வேலையை மெதுவாகச் செய்வது அவளுக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை நெருப்பைக் குறைத்துக் குறைத்து வைத்தாள். சோப்பு திரளாமல் நீர்த்துப்போய் நின்றது. செவ்வாய்க்கிழமை திரண்ட பிறகும் கிண்டிக்கொண்டே இருந்தாள், அடி பிடித்தது. புதன்கிழமை ஒரு பெண் ஏழு கேள்வி கேட்டாளாம், ஏழாவதற்குப் பதில் சொல்லும்போது பொங்கி நெருப்பில் விழுந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சோளரொட்டியை மோரில் பிட்டுப் போட்டபடி, ஒரு பன்றியின் கொழுப்பு முழுக்க வீணாகிவிட்டதென்று சொன்னாள். எங்களைப் பார்க்காமல் மோரைப் பார்த்துச் சொன்னாள். வெள்ளிக்கிழமை கெசிங்கர் வந்து, வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துத் துடுப்பால் கிண்டிக்கொண்டிரு, தூரத்தில் இருந்து யாருக்குத் தெரியப்போகிறது என்றாராம். அம்மாவால் அது முடியாது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முன்வரிசையில் உட்காருகிறவள். யாராவது கிட்டே வந்து இது என்ன என்று கேட்டால் என்ன சொல்வாள்?

அன்று இரவு மாமாவின் கடைசிக் கடிதத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள். பாத்திரங்களைச் சுற்றப் பழைய செய்தித்தாள் சேர்த்து வைக்கச் சொன்னாள். விர்லா பூனையையும் கூட்டிப் போகலாமா என்று கேட்டாள்.

இரண்டாவது சனிக்கிழமை நாங்கள் போனபோது கொட்டகையில் பழையபடி சோப்பு பெட்டிக்குள் இருந்தது. போகிற வேலையாவது ஒரு தடவை ஒழுங்காகச் செய்துவிட்டுப் போகலாம் என்று விடியற்காலையிலேயே காய்ச்சி ஊற்றிவிட்டாள். கொப்பரையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அது கெசிங்கர் சொன்னதற்காக. ஆனால் அம்மா கிண்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கொப்பரை வெந்நீர் சும்மா கொதிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அவளால் முடியாத காரியம். அது எனக்குத் தெரியும்.

"யூவெல், உங்க சட்டையக் கழட்டிக் குடுங்க" என்றாள்.

"இந்த வயசுலயா?" என்றார் யூவெல்.

"நாறுது. ஒரு வாரமா பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

அவர் சட்டையும் உள்சட்டையும் கொடுத்துவிட்டுச் சாக்கைப் போர்த்திக்கொண்டு துடைப்பம் கட்டினார். அம்மா என்னைக் கொல்லன் பட்டறைக்கு அனுப்பினாள். கரி படிந்த இரண்டு மேலங்கி வந்தது. ஆப்பிள் கிண்டும் பெண்கள் இடுப்பில் கட்டும் முன்துணிகள், ரயில் கொள்ளைக்காரர்களின் முகத்துணிகள், கண்ணாடி ஊதுகிறவரின் நீள உள்ளாடை. முதல் சனிக்கிழமை காய்ச்சிய சோப்பை அறுத்துப் போட்டாள். நுரை எழும்பியது. வரிவரியான தகரப் பலகையை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். அரைமணி நேரத்தில் நூறு பேர் நின்றார்கள். வயதான பெண்கள் முன்னால் வந்து, கணுக்கையை இப்படித் திருப்ப வேண்டும் என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள். ஒருத்தி கைப்பையைக் கணவனிடம் கொடுத்துவிட்டுத் தானே ஒரு முன்துணியை எடுத்துத் தேய்த்தாள். விர்லாவும் நானும் கொல்லன் பட்டறையில் இருந்து சோப்புக் கொட்டகை வரை தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டிக் காயப்போட்டோம். ரயிலில் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்த்தது அந்த நீள உள்ளாடையைத்தான்.

கெசிங்கர் அதற்குக் கீழே குனிந்து வந்தார். அந்த நேரம் பார்த்து, பச்சைக் கோட்டு போட்ட ஒரு பெண் அம்மாவிடம் கேட்டாள்: அந்தக் காலத்து வாழ்க்கை இப்போது இருப்பதைவிட நன்றாக இருந்ததல்லவா?

அம்மா நிமிர்ந்து, நுரைக்கையால் தொப்பியைப் பின்னால் தள்ளினாள்.

"இல்லம்மா. கை வெடிச்சிரும், ரத்தம் வரும், அதோட மறுபடி காரத்துல கைய வெப்போம். கடையில சோப்புத்தூள் வந்த அன்னிக்கி எங்கம்மா நடு ரோட்ல நின்னு அழுதா, சந்தோஷத்துல. இத நீங்க பாக்கறதுக்காகச் செய்யறேன். என் பொண்ணுங்களுக்குச் சொல்லிக்குடுக்கமாட்டேன்."

கெசிங்கர் நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். பழைய காலம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று காட்டத்தான் அந்த ஊரையே கட்டியிருந்தார்கள். அவ்வளவுதான், பூனைக்கு ஒரு பெட்டி தேட வேண்டும் என்று நினைத்தேன்.

கூட்டத்தில் வயதான பெண்கள் பக்கத்தில் இருந்து ஒரு சிரிப்பு வந்தது. ஒருத்தி, "அப்படிச் சொல்லு" என்றாள். யாரும் நகரவில்லை. பச்சைக் கோட்டுப் பெண் கையுறையைக் கழற்றி அம்மாவின் கையை வாங்கிப் பார்த்தாள்.

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு கெசிங்கர் முக்காலியில் உட்கார்ந்தார். பச்சைக் கோட்டுப் பெண்ணுக்கு அம்மா சொன்ன பதிலைப் பற்றி அவர் பேசவே இல்லை. துணி நனைந்து கிடந்த கொப்பரையைக் காட்டி, இது எப்போது முடியும் என்று கேட்டார். இன்றைக்கு முடியாது, கொல்லன் மேலங்கிக்கு இன்னும் இரண்டு கொதி வேண்டும், அதற்குள் ஆப்பிள் பெண்கள் நாளைய துணியை அழுக்காக்கிவிடுவார்கள் என்றாள் அம்மா.

"அப்ப முடியவே முடியாதா?"

"துணி எங்கய்யா முடியும்?" என்றாள் அம்மா. "சோப்பு முடியும், துடைப்பம் முடியும். துணி இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் முடிஞ்சதில்ல."

அவர் நிமிர்ந்து கொடியைப் பார்த்தார்.

"அந்த உள்ளாடைய மட்டும் பின்னாடி போடு" என்றார். "மத்தது இருக்கட்டும். விழா முடிஞ்சதும் ஏப்ரல் வரைக்கும் தையல் கொட்டகைக்கு வந்துரு."

அம்மா சரி என்றாள். தண்ணீரை இறைத்துக் கொட்டினாள். கொப்பரையைக் கவிழ்க்கப் போனாள். யூவெல் வந்து மறுபக்கம் பிடித்தார்.

நாங்கள் வரவில்லை என்று அம்மா போட்ட கடிதம் டோய்ல் மாமாவுக்குப் போய்ச் சேரவில்லையோ, சேர்ந்தும் நம்பவில்லையோ, நவம்பர் முதல் தேதி லாரியோடு வந்துவிட்டார். அம்மா அவருக்குப் பயறும் சோளரொட்டியும் போட்டாள். என்ன வேலை என்று கேட்டார். துணி துவைக்கிற வேலை என்றாள். யார் துணி என்றார். அங்கே வேலை செய்கிறவர்கள் துணி, ஜனங்கள் நின்று பார்ப்பார்கள் என்றாள்.

"காசு குடுத்தா?"

"காசு குடுத்துதான்."

மாமா ரொட்டியை வைத்துவிட்டு அவளையே பார்த்தார். பிறகு, அந்த ஜனங்களுக்கு வீட்டில் துணி இல்லையா என்று கேட்டார். அம்மா அன்றைக்குத்தான், அப்பா போன பிறகு முதல் தடவையாக, வாய்விட்டுச் சிரித்தாள்.

சாமான் கட்ட அவர் ஒரு பெரிய கயிற்றுச் சுருள் கொண்டு வந்திருந்தார். சாப்பிட்டு எழுந்து அதை லாரியில் தூக்கிப் போடப் போனார்.

"அத இங்கயே வெச்சிட்டுப் போண்ணே" என்றாள் அம்மா. "எனக்கு அங்க கொடி பத்தல."