கண் எடை

மாமா விமானக் கம்பெனியை மூடி நான்கு மாதம் ஆகிறது. இன்னும் கடைவீதியில் எதிரே வருபவர்களின் எடை எனக்குத் தானாகவே மனதில் ஓடுகிறது. அறுபத்தெட்டு. ஐம்பத்தொன்று. ஆளில்லாத தெருவில் நடந்தால் ஏழு எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வரிசை மாறாது. கடைசியாக வரும் எழுபத்துநான்கு, அத்தான்.

மாமா, அம்மாவின் தம்பி. பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தவர். பழைய ஒன்பது இருக்கை விமானம் ஒன்றை வாங்கி வாடகைக்கு விட்டார். ஓட்டுவதற்கு அக்காவின் கணவர், என் அத்தான். எடை போடுவதற்கு நான். "இது ஏர்லைன் இல்ல, நம்ம குடும்பத்துக்கு றெக்கை முளைச்சிருக்கு" என்பார்.

சின்ன விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் பேசும். வால் கனத்துப்போனால் மூக்கு தானாகத் தூக்கிக்கொள்ளும். ஆளையும் பையையும் எடை மெஷினில் ஏற்றி, எது முன்னால், எது வாலில் என்று தாளில் எழுதி விமானியிடம் கொடுக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் கதவு மூடும்.

மூன்று வருடத்தில் மூன்று விமானங்கள் ஆயின. வரும் ஆட்களும் மாறினார்கள். பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்மணி, "நான் என்ன மூட்டையா?" என்று கேட்டு மெஷினில் ஏற மறுத்தாள். மாமா என்னைத் தனியாக அழைத்தார்.

"உனக்குத்தான் கண்ணுலயே தராசு இருக்கே. பாத்து எழுதிடு. உங்க அத்தான்கிட்ட மூச்சு விடாத, அவன் சட்டப் புத்தகத்தை மென்னு முழுங்கினவன்."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கண்ணால் போட்ட எடையைப் பிறகு ரகசியமாகச் சரிபார்த்தால் ஒரு கிலோ கூட முன்னே பின்னே போகாது. ஆளை நடையில் பார்ப்பேன். பையை, அதைச் சுமக்கிற தோளின் சாய்வில் பார்ப்பேன்.

அன்று ஆறு பேர் வந்தார்கள். சுரங்க வேலைக்காரர்கள். அவர்களோடு நான்கு பெட்டிகள், சக்கரம் வைத்தவை, வழுக்கிக்கொண்டு வந்தன. அவற்றைச் சுமக்க எந்தத் தோளும் சாயவில்லை. அளவில் சின்னப் பெட்டிகள். பெட்டிக்குப் பதினைந்து என்று எழுதினேன். வாலில் ஏற்றினார்கள்.

அத்தான் படியில் நின்றபடி தாளைப் பார்த்தார். "எல்லாம் மெஷின்ல நிறுத்தாச்சா?"

"ஆச்சு அத்தான்."

கையெழுத்துப் போட்டார்.

விமானம் தரையை விட்டது. மூக்கு உயர்ந்தது. இன்னும் உயர்ந்தது. பிறகு ஓடுபாதைக்கு அப்பால் இருந்த ஏரியில் விழுந்தது. உடல்களை எடுத்தார்கள், உடைந்த விமானத்தை எடுத்தார்கள். பெட்டிகள் சேற்றில் போய்விட்டன. விசாரணைக்காரர்கள் என் தாளை நம்பினார்கள். எடை சரி, விமானி மூக்கை அளவுக்கு மீறித் தூக்கிவிட்டார் என்று எழுதினார்கள். அதன்பின் எங்கள் விமானத்தில் ஏற ஆளில்லை. மாமா மிச்ச இரண்டையும் விற்றுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

பெட்டிகளைத் தேடி ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். "எங்கயும் மிதந்து போயிருக்காது மேடம். எல்லாம் பாறையைத் துளைக்கிற எஃகு முனைங்க. ஒரு பெட்டி நாப்பத்தஞ்சு கிலோ."

நான் தலையாட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

இன்று காலை அலுவலக அறையைக் காலி செய்யும்போது அத்தானின் சாமான்களை எடுக்க அக்கா வந்தாள். ஐம்பத்திரண்டாக இருந்தவள், நாற்பத்தாறு. அலமாரியிலிருந்து சட்டையை எடுத்து மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

"பாப்பா இனிமே பள்ளிக்கூடம் போக மாட்டாளாம்டி. 'ஆறு பேரை முழுங்கினவன் மக'ன்னு சொல்றாங்களாம். இவரா அப்படித் தூக்குவாரு? காப்பி டம்ளரைக்கூட மெதுவாத்தானே வைப்பாரு."

ஆளில்லாமலே மெஷினின் இரும்புத் தட்டு அதிர்வதுபோல் எனக்குக் கேட்டது. ஏழு தடவை.

"அக்கா, அவர் மேல தப்பில்ல. நான் நிறுக்கவே இல்ல."

சட்டை அவள் மடியில் இருந்தது.

"அவர் கேக்கலையா?"

"கேட்டார். நிறுத்தாச்சுன்னு சொன்னேன்."

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே ஓடுபாதையில் புல் முளைத்திருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேஜையிலிருந்த ஒரு வெற்றுத் தாளை என் பக்கம் தள்ளினாள்.

"எழுது."

எழுதினேன். பெட்டிகள், சக்கரம், மாமா சொன்னது, அத்தான் கேட்டது, நான் சொன்ன பதில். அவள் படித்தாள். ஒரு வரியில் விரல் நின்றது. "மாமா சொன்னார்ங்கறது இருக்கட்டும். ஆனா 'ஆச்சு'ன்னு சொன்னது நீதான். அதை முதல்ல எழுது."

திரும்ப எழுதினேன்.

விசாரணை அலுவலகம் இரண்டு தெரு தள்ளி. அக்கா தாளைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பத்தடி பின்னால். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, திரும்பாமலே, என் காலடிச் சத்தம் கேட்ட பிறகுதான் மேலே நடந்தாள்.