ஒன்பது மீட்டர் எண்பது

நாலு பேராகச் சேர்ந்து கட்டிலைத் தூக்கிக் கூடத்தில் இறக்கி, சுவரோரமாகத் தள்ளிச் சரிசெய்து, அப்பாடா என்று நிமிர்ந்த பிறகு அம்மா, “திருப்பிப் போடுங்க” என்றாள்.

“ஏன் அண்ணி? நல்லாத்தானே கெடக்கு?” என்றார் சித்தப்பா. ஒரு கை இடுப்பைப் பிடித்திருந்தது.

“இடது பக்கம் சுவர் வந்துடுச்சு. வலது காது அவருக்குக் கேக்காது. வர்றவங்க எந்தப் பக்கம் நின்னு பேசுவாங்க?”

இறந்து இரண்டு மணி நேரம் ஆன மனிதருக்கு எந்தக் காது கேட்டால் என்ன என்று கேட்க நாலு பேரில் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரும் கால்மாட்டைப் பிடித்தார்கள். தலைமாட்டைச் சித்தப்பாவும் மகளும் பிடித்தார்கள். கட்டில் அரை வட்டம் சுற்றி இறங்கியது. அப்பாவின் இடது காது இப்போது கூடத்தைப் பார்த்து இருந்தது.

புழுக்கம் தாங்காமல் சித்தப்பா மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தார். கிறீச் கிறீச் என்று அது கத்தத் தொடங்கியது. அப்பா இருந்தவரை அது இந்த வேகத்தில் ஓடியதே இல்லை. யாராவது பேச வாயைத் திறந்தாலே, “முதல்ல அதை நிறுத்து, அப்புறம் பேசு” என்பார்.

துறைமுக அலுவலகத்தில் கடலின் ஆழம் அளப்பது அவர் வேலை. கயிற்றின் நுனியில் கட்டிய ஈயக்குண்டைப் படகிலிருந்து இறக்கி, அது தரையைத் தொட்டதும் கயிற்றில் இருக்கும் அளவைப் படிக்க வேண்டும். முப்பது வருடம் படகு இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு காதை அதற்குக் கொடுத்துவிட்டார். ஆள் குச்சி மாதிரி இருப்பார். ஆனால் துறைமுகம் முழுக்க அவருக்குப் பெயர் ஈயக்குண்டு. மகள் படித்து, பரீட்சை எழுதி, கப்பல்களை உள்ளே கூட்டிவரும் பைலட்டாக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மீனவர்கள் அவளைப் பார்த்து, “ஈயக்குண்டோட பொண்ணா? அப்ப கப்பலை முங்க விடமாட்டா” என்றார்கள்.

ஒன்பது மணிக்கு அவள் இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது. அவள் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“கப்பல் வெளியில நங்கூரம் போட்டு நிக்குது,” என்றது கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு பெண் குரல். “கேள்விப்பட்டேன்க்கா. உங்களைக் கூப்பிடவே மனசு வரல. ஆனா கேப்டன் மூணு தடவை கேட்டுட்டாரு. இந்த ஏத்தத்துல உள்ள கூப்பிடலேன்னா நங்கூரத்தைத் தூக்கிட்டுப் போயிடுவாராம்.”

“பெரிய பைலட் இல்லையா?”

“அவரு கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. பழைய வரைபடத்தை நம்பித்தான் இத்தனை வருஷம் பொழச்சேன், ஓய்வு பெறப்போற நேரத்துல பாறை மேல ஏத்திட்டு நிக்க முடியாதுங்கறாரு.”

அந்தப் பாறைதான் விஷயமே. துறைமுகத்தின் வாயில் தண்ணீருக்கடியில் ஒரு பாறை மேடு குறுக்கே கிடக்கிறது. எந்தக் கப்பலும் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்தாக வேண்டும். கடல் ஏறும், வற்றும். அதனால் அளந்த ஆழத்தில் அந்த நேரத்து ஏற்றத்தைக் கழித்து, நன்றாக வற்றிய நேரத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்குமோ அதைத்தான் வரைபடத்தில் போடுவார்கள். கழிப்பது அலுவலக எழுத்தரின் வேலை. படகில் இருப்பவர் அளந்ததை அளந்தபடியே எழுதிக் கொடுக்க வேண்டும். முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் எழுத்தருக்குக் கண்ணில் கட்டி. பாவம், எதற்கு அந்த மனுஷனுக்குச் சிரமம் என்று அப்பா படகிலேயே கழித்து எழுதிக் கொடுத்துவிட்டார். எழுத்தர் ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்து, கடமை தவறாமல் இன்னொரு தடவை கழித்தார். ஒன்பது மீட்டர் எண்பது இருந்த தண்ணீர் அப்பாவின் கையில் எட்டு ஆகி, எழுத்தரின் கையில் ஆறு இருபது ஆகி, அப்படியே அச்சேறியது.

எட்டு வருடம் கழித்துப் பழைய படகுக் குறிப்பைப் புரட்டியபோதுதான் அப்பாவுக்கு இது தெரிந்தது. ஓடிப்போய்ச் சொன்னார். அன்றைய அதிகாரி சிரித்தார். “ஆழத்தைக் குறைச்சுப் போட்டா யாரும் முங்க மாட்டாங்கய்யா. கூட்டிப் போட்டாத்தான் வம்பு. விடுங்க.”

யாரும் முங்கவில்லைதான். பெரிய கப்பல் எதுவும் வரவும் இல்லை. இங்கே பிடித்து, இங்கேயே சுத்தம் செய்து, இங்கேயே உறையவைத்த மீன், ஒன்பது மணி நேரம் லாரியில் போய் வேறொரு துறைமுகத்தில் கப்பல் ஏறியது. போய்ச் சேர்வதற்குள் பாதிப் பெட்டிகள் வியர்த்திருக்கும். பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதும் அந்தத் துறைமுகத்தின் பெயர்தான். வீட்டு வாசல் வழியாகத்தான் லாரிகள் போகும். பனிக்கட்டித் தண்ணீர் சொட்டிச் சொட்டி அந்தத் தெரு காய்ந்ததே இல்லை. அப்பா வாசலில் நின்று அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த லாரிகளில் ஒன்றை இருபத்தாறு வருடம் ஓட்டியவர் சித்தப்பா. “நீ ஒரு கழித்தல் போட்ட, எனக்கு இடுப்பே கழண்டு போச்சு” என்று அண்ணனைச் சீண்டுவார். அப்பா அதற்கு மட்டும் சிரிக்க மாட்டார்.

போன வருடம் மகள் புதுக் கருவியோடு பதினொரு நாள் கடலில் கிடந்து பாறையை அளந்தாள். மணல் இடம் மாறும், பாறை எங்கே போகும்? எட்டு மீட்டர்தான். திருத்தம் வெளியானது. ஆனால் கடலில் காகிதத்தை நம்புகிறவர்கள் பழைய காகிதத்தைத்தான் நம்புவார்கள். கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரே ஒரு கம்பெனி, ஒரே ஒரு குளிர்சாதனக் கப்பலை, ஒரே ஒரு தடவை அனுப்பிப் பார்க்கிறோம் என்றது. இன்று திரும்பிப் போனால் இனி யாரும் வரமாட்டார்கள்.

நேற்று சாயங்காலம் அப்பாவுக்கு நினைவு தெளிவாகத்தான் இருந்தது. “நாளைக்கு எவ்வளவு ஏறும்?” என்று கேட்டார்.

“ஒன்னு எண்பதுப்பா.”

“அன்னிக்கும் அதேதான்.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “அப்ப அன்னிக்கு நான் பார்த்ததுதான் நாளைக்கும் காட்டணும். எவ்வளவு காட்டுதுன்னு வந்து சொல்லு.”

அவள் கதவைத் திறந்தாள். வெளியே சித்தப்பா நின்றிருந்தார்.

“எல்லாம் கேட்டுது. நீ போகக் கூடாது,” என்றார். “அப்பனைக் கூடத்துல கெடத்திட்டுப் பொண்ணு வேலைக்குப் போயிட்டான்னு நாளைக்கு ஊரே பேசும். பெத்தவருக்கு மேல ஒரு கப்பலா?”

அவளுக்குப் போகவும் வேண்டும், அப்பா பக்கத்தில் உட்காரவும் வேண்டும். இரண்டும் ஒரே கழுத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்தன.

அம்மா கட்டிலைவிட்டு எழுந்திருக்காமலே கேட்டாள். “தண்ணி எப்ப முழுசா ஏறும்?”

“பன்னெண்டு பத்து.”

“நாலு மணிக்குத்தான் எடுக்கறோம். அதுவரைக்கும் இங்க என்ன பண்ணப் போற? வர்றவங்களுக்கு டீ ஊத்திக் கொடுக்கப் போறியா?”

“அண்ணி, நீங்களுமா?”

“இருபத்திமூணு வருஷமா இந்த மனுஷன் சரியாத் தூங்கினதில்ல, தம்பி. பக்கத்துல படுத்தவளுக்குத்தான் தெரியும்.” அம்மா மகளைப் பார்த்தாள். “முகத்தைக் கழுவிட்டுப் போ. கண்ணு வீங்கியிருந்தா அந்தக் கேப்டன் பயந்துடப் போறாரு.”

கப்பலின் பக்கவாட்டில் தொங்கிய கயிற்று ஏணியில் அவள் ஏறியபோது மணி பதினொன்றே கால். மேலே கேப்டன் பழைய வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். 6.2 என்ற இடத்தைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் மூன்று வட்டம். கப்பலின் அடிப்பாகம் ஏழு மீட்டர் அறுபது தண்ணீருக்குள் இருக்கிறது என்று விரலை மடக்கிக் காட்டினார். அந்த எண் சரியென்றால் முழு ஏற்றத்திலும் அடியில் இரண்டு சாண் கூடத் தேறாது. அவர் ஆங்கிலத்தில் தன் பயத்தை மரியாதையாகச் சொன்னார். இந்தப் புது எண்ணை யார் அளந்தது என்று கேட்டார்.

நான்தான் என்றாள். அதற்கு முன்னால் என் அப்பா.

அவர் இப்போது எங்கே என்றார் கேப்டன்.

வீட்டில் என்றாள்.

ஓய்வு பெற்றுவிட்டாரா?

ஆமாம் என்று சொல்லிவிட்டு அவள் நங்கூரத்தைத் தூக்கச் சொன்னாள்.

இழுவைப் படகு முன்னால் போனது. துறைமுக வாயின் இரண்டு பக்கமும் மீன்பிடிப் படகுகள் ஒதுங்கி நின்றன. அலைதடுப்புச் சுவர் மேல் ஆட்கள். குளிர்பதனக் கூடத்துப் பெண்கள் ரப்பர் பூட்ஸைக் கூடக் கழற்றாமல் வந்திருந்தார்கள். யாரும் கத்தவில்லை, கையாட்டவும் இல்லை. பதினொரு நாள் அளந்ததெல்லாம் ஒரு நிமிடம் அவளுக்குப் பொய்யாகத் தெரிந்தது. குடும்பத்தில் இரண்டாவது ஆளும் தப்பாகக் கழித்திருந்தால்?

கப்பலின் அடிக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு தண்ணீர் என்று ஆழமானி காட்டிக்கொண்டே வந்தது. ஆறு. ஐந்து. நான்கு இருபது. மூன்று. கேப்டனின் கை இன்ஜின் பிடிமேல் போய் உட்கார்ந்தது. இரண்டு அறுபது. நிறுத்தவா என்று அவர் கண் கேட்டது. நிறுத்தினால் சுக்கான் பிடிக்காது, கப்பல் பக்கவாட்டில் பாறை மேல் சாய்ந்துவிடும். வேண்டாம், இதே வேகம் என்றாள். சொன்ன குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

இரண்டு நாற்பது.

இரண்டு இருபது.

அங்கேயே நின்றது. இரண்டு இருபது, இரண்டு இருபது, இரண்டு இருபது. அவள் மனதுக்குள் கூட்டினாள். ஏழு அறுபதும் இரண்டு இருபதும். முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி விரல்விட்டு இன்னொரு தடவை கூட்டினாள். பிறகு எண் இரண்டு ஐம்பது ஆனது, மூன்று ஆனது, ஐந்து ஆனது. பாறை பின்னால் போய்விட்டது.

கேப்டன் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். அப்புறம் ஏதோ தோன்றியவர் போலச் சிவப்புப் பென்சிலை எடுத்து 6.2 ஐ அடித்துவிட்டு, பென்சிலை அவளிடம் நீட்டினார். அவள் 8.0 என்று எழுதினாள். வீட்டில் அப்பா செத்துக் கிடக்கிறார், தனக்கு ஆடவேண்டும் போலிருக்கிறதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சந்தோஷம் அடங்குவதாக இல்லை. ஒரு தடவை சங்கு ஊதலாமா என்று கேட்டாள். எத்தனை தடவை வேண்டுமானாலும் என்றார் கேப்டன்.

அந்த ஊரில் இதுவரை கேட்காத சத்தம் அது. ஜன்னல்கள் அதிர்ந்தன. மீன்பிடிப் படகுகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஹாரன் அடித்தன. அலைதடுப்புச் சுவர் மேல் ரப்பர் பூட்ஸுகள் குதித்தன. வாக்கி-டாக்கியில் பெரிய பைலட்டின் குரல் வந்தது. “பாத்துக்கிட்டேதாம்மா இருந்தேன். சுத்தமான வேலை. அப்பாகிட்ட…” என்று தொடங்கி, நினைவு வந்து, அப்படியே நிறுத்திவிட்டார்.

கப்பலைக் கட்டி முடித்து அவள் கீழே இறங்கும்போது முதல் பெட்டிகள் மேலே போகத் தொடங்கியிருந்தன. பெட்டிகளின் மேல் இந்தத் துறைமுகத்தின் பெயர். மை சரியாகக் காயாமல் ஒன்றிரண்டில் இழுவிக்கூட இருந்தது.

வீட்டுக்கு வரும்போது மணி இரண்டு. தெரு முழுக்கக் கூட்டம். பாதிப் பேர் துறைமுகத்திலிருந்து நேராக வந்தவர்கள். அவளைப் பார்த்ததும் கை கொடுப்பதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று தெரியாமல் திண்டாடினார்கள். குளிர்பதனக் கூடத்து மேற்பார்வைக்காரம்மா இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தாள். “ஈயக்குண்டு ஜெயிச்சுட்டாருடி,” என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்கள் வழிவிட்டார்கள். சித்தப்பா சுவரில் சாய்ந்து தலையைக் குனிந்திருந்தார். அம்மா காலையில் உட்கார்ந்த அதே ஸ்டூலில், அப்பாவின் இடது காதோரமாக இருந்தாள். மின்விசிறி கத்திக்கொண்டிருந்தது.

“சங்கு கேட்டுதாம்மா?”

“கேட்டுது. அந்த சத்தத்துக்குச் செவிட்டுக் காதே கேட்டிருக்கும்.” அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். “எவ்வளவு காட்டுச்சு?”

அவள் வாயைத் திறந்தாள்.

“என்கிட்ட எதுக்குச் சொல்ற?” என்று அம்மா எழுந்து, ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினாள்.

அவள் உட்கார்ந்து குனிந்தாள். சித்தப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் மின்விசிறியை அணைத்தார்.