மீசைக்காரனின் பட்டினி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் வலித்தால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். ஒரு மீனுக்குச் சாப்பாடு இறங்காத கதை சொல்கிறேன்.

ஒரு தையல்காரி இருந்தாள். அவளும் அவள் புருஷனின் அக்காவும் ஒரே வீட்டில். இருவருக்கும் எலிக்கும் பூனைக்கும் உள்ள உறவு. புருஷனுக்குக் கப்பலில் வேலை, அதனால் நடுவில் நின்று விலக்கிவிட ஆளில்லை.

தையல்காரி ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி, அதில் விரல் நீளக் கெளுத்தி மீன் ஒன்றை விட்டாள். நாளெல்லாம் துணியோடு மல்லுக்கட்டுபவளுக்குப் பேச்சுத்துணை. கண்ணெதிரிலேயே இருக்கட்டும் என்று தையல் மேசையில், மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

ஆறு நாளாயிற்று. மீன் வாயைத் திறக்கவில்லை. கல்லோடு கல்லாய் மூலையில் கிடந்தது. போட்ட தீனி ஊறித் தண்ணீர் கலங்கியது.

"வந்த வீட்டு லட்சணம் அதுக்கும் தெரிஞ்சுபோச்சு," என்றாள் நாத்தனார்.

"உங்க மூஞ்சியப் பார்த்தா எனக்கே பசிக்கிறதில்ல அண்ணி. அதுக்குப் பாவம், கண்ண மூடிக்கவும் முடியாது."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். செத்து நாறுச்சோ, தொட்டியோட தெருவுல வச்சிருவேன். இது எங்கப்பா கட்டின வீடு!"

தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு மீனை விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டு விவரம் சொன்னாள்.

"ஏம்மா, வெளிச்சத்துல வச்சு, மிதக்குற தீனியா போடுறே?" என்று அவரும் எரிந்து விழுந்தார். "அது அடியில மேயுற ஜாதி. இருட்டுலதான் வாயத் திறக்கும். முங்குற தீனியா ரெண்டே ரெண்டு போடு. தின்னாதத எடுத்துடு. கால்வாசித் தண்ணிய மாத்து. ஒளிஞ்சுக்க ஏதாவது வை."

சொன்னதையெல்லாம் செய்தாள். உடைந்த கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். லைனிங் துணியால் தொட்டியைச் சுற்றி மூடினாள். இரண்டு நாள் போயிற்று. துணியை விலக்கி எட்டிப் பார்த்தால், கோப்பைக்கு வெளியே மீசை மட்டும் நடுங்கியது. வயிறு ஒட்டிப்போயிருந்தது.

சனிக்கிழமை மதியம், கூடத்தில் சாப்பிட உட்கார்ந்த நாத்தனார் தட்டை டங்கென்று வைத்தாள்.

"அந்த மெஷின நிறுத்தித் தொலை! தரையே ஆடுது. எனக்கே சோறு தொண்டையில இறங்கல, அதுக்கு எங்க இறங்கப்போகுது!"

தையல்காரி சட்டென்று துணியை விலக்கித் தொட்டியைப் பார்த்தாள். மிதியிலிருந்து காலை எடுத்தாள். தொட்டித் தண்ணீரின் சுருக்கம் அடங்கியது. மறுபடி மிதித்தாள். வளையம் வளையமாய் எழும்பியது. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள், குறுகுறுவென்று அதிர்ந்தது. பாசமாய்ப் பக்கத்தில் வைத்து, நாள் முழுக்க அதன் மீசையைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள்!

மெஷின் நின்றால் பிழைப்பில்லை. ஓடினால் கூடத்துப் பலகைத் தரை முழுவதும் அதிரும். அந்த வீட்டில் அதிராத அறை ஒன்றுதான், பின்பக்கத்துச் சிமெண்டு அறை. அது நாத்தனாருடையது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"தொட்டிய உங்க ரூம்ல வைக்கணும் அண்ணி."

"என்னது?"

"காதுல விழுந்துச்சு உங்களுக்கு. ரெண்டாவது தடவ கெஞ்ச வைக்காதீங்க."

நாத்தனார் ஒரு கவளத்தை ருசித்து மென்றாள். "வை. ஆனா என்னைக் கேக்காம உள்ள கால் வைக்கக் கூடாது. செத்தா நான்தான் தூக்கிப் போடுவேன். நீ வெளிய நின்னு அழுதுக்கோ."

மறுநாள் மதியம் தையல்காரி நாத்தனாரின் அறைக் கதவைத் தட்டினாள். ஒரு சாண் திறந்தது.

"தின்னுடுச்சு."

"பொய்."

"வந்து பாரேன்."

சன்னல் சாத்திய அறையின் அரையிருட்டில் குனிந்து பார்த்தாள். மீன் கோப்பையை விட்டு வெளியே வந்து, மீசையால் மணலைத் துழாவி, கிடந்த தீனியை லபக்கென்று விழுங்கியது. தையல்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"உன்கிட்ட பட்டினி, என்கிட்ட விருந்து. இனிமே இது என் மீன்," என்றாள் நாத்தனார்.

"வாங்கினது நான்!"

"தூக்கிட்டுப் போ. கொண்டுபோய் மெஷின் பக்கத்துல வை."

தொட்டியின் விளிம்பைப் பற்றிய கைகள் தாமாகவே இறங்கின.

"ரெண்டு தீனிக்கு மேல போட்டுடாதீங்க."

"எனக்குத் தெரியும். கதவச் சாத்திட்டுப் போ."

அன்றிலிருந்து தினமும் மதியம் தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டுக் கதவைத் தட்டுவாள். சில நாள் திறக்கும், சில நாள் திறக்காது. திறக்காத நாளில், "இன்னிக்கும் தின்னுடுச்சு, போடி," என்ற குரலாவது உள்ளிருந்து வரும்.

உங்கள் வீட்டில், கண்ணுகளா, எந்த உயிருக்கும் ஒரு வாய்ச் சோறு இறங்காமல் போகவேண்டாம். தட்டுகிற கைக்குக் கதவுகள் திறக்கட்டும். சிரிப்பும் நிறைவுமாய் நீங்கள் நூறு வருஷம் இருக்கவேண்டும்.