ராகு காலத்தில் சேவ் செய்வதில்லை

அருப்புக்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை கம்ப்யூட்டரில் சேவ் ஆகும்வரை மாப்பிள்ளைகள் அச்சகத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் டீ குடிக்க எழுந்து போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. அதனால் டீயை உள்ளேயே வரவழைத்துக் கொடுத்துவிடுவார்கள்.

பூரணம் அங்கே டைப் அடிப்பவள். அன்று பெஞ்சில் இருந்தவன் கதிரேசன், அவளே கட்டிக்கொள்ளப் போகிறவன். இதற்காக வீட்டில் அவள் போடாத சண்டை இல்லை.

வழக்கம்போல் பழைய பத்திரிகை ஒன்றைத் திறந்து, அதன்மேலேயே பெயர்களை மாற்றினாள். போன மாதம் கல்யாணமான சந்தானத்தை அழித்துவிட்டுக் கதிரேசனைப் போட்டாள். சேவ் கொடுக்கப் போனாள்.

"ராகு காலம்மா. கைய எடு," என்றார் முதலாளி அண்ணாச்சி.

"கரண்டு கிரண்டு போயிட்டா?"

"நல்ல காரியத்த கெட்ட நேரத்துல சேவ் பண்ணுவாங்களா?"

எடுத்தாள். அவள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். திரையில் எடிட்டர் தானாக மூடிக்கொண்டது.

"பூரணம், என் காலு தெரியல," என்றான் கதிரேசன் நிதானமாக.

பதறிப்போய்த் திரும்பத் திறந்தாள். 'மீட்கவா?' என்று கேட்டது. ஆமாம் என்று அமுக்கினாள். வந்தது சேவ் ஆகியிருந்த பழைய பத்திரிகைதான்; மணப்பெண் இடத்தில் மட்டும் அவள் பெயர் நின்றது. பட்டு வேட்டியோடு சந்தானம் படியேறி வந்து, கதிரேசன்மேலேயே உட்கார்ந்தான்.

"மறுபடியுமா?" என்றான் சந்தானம் சலிப்பாக.

"எந்திரிங்க. அங்க ஆள் இருக்காரு."

"எங்க?"

அவசர அவசரமாகக் கதிரேசன் பெயரை அடித்தாள். அண்ணாச்சி உள்ளங்கையை விசைப்பலகைமேல் வைத்தார்.

"ராகு காலம் முடியட்டும்மா."

சுவரில் நாள்காட்டியைப் பார்த்தாள். ராகு காலம் அடுத்த தாளிலும் தொடர்ந்தது. அதற்கடுத்த தாளிலும் இருந்தது. அந்தக் கையை நகர்த்த அவளால் முடியவில்லை.

அவள் அப்பா வெற்றிலைத் தட்டோடு வந்தார். சந்தானத்தின் தோளைத் தட்டி, "சாப்டீங்களா மாப்ள?" என்றார். இத்தனை சந்தோஷமாக அவரை அவள் பார்த்ததே இல்லை. திரையின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவினார்.

"யாருக்குங்க கல்யாணம்?" பெஞ்சிலிருந்து கதிரேசன் குரல் கேட்டது.

"எனக்குத்தான்," என்றாள்.

"நல்லா இருங்க," என்றான்.

அவன் ஒருநாளும் அவளை வாங்க போங்க என்று பேசியதில்லை.