நாலாவது கட்டம்

என் நண்டு வரப்பில் ஓட்டை போடாது. இதைச் சொல்லித்தான் ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் சண்டை போட்டேன். இதையே முழுசாகச் சொல்ல வாய்ப்புக் கிடைக்காமல்தான் அப்பாவிடம் ஆறு வாரம் பேச்சில்லாமல் கிடந்தேன்.

நான் விண்ணரசி. தஞ்சாவூரில் ஒரு பிளக்ஸ் கடையில் பதினாறு வருடமாக டிசைனர். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையால்தான். இதுவரை வெளுப்பாக்கிய மாப்பிள்ளை முகங்களுக்காக மட்டுமே சாமியாரிடம் தனியாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியிருக்கும். அந்தக் கம்ப்யூட்டரிலேயே, மதியச் சாப்பாட்டு நேரத்தில், என் நண்டுக் கதைகளை வரைந்தேன்.

ஒரு கதைக்கு நாலு கட்டம். முதலில் மேலும் கீழுமாக அடுக்கிப் பார்த்தேன், சரிப்படவில்லை. ஒருநாள் கட்டங்களை ஒரே வரிசையில் போட்டதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கம் தண்ணீர் மேற்கேயிருந்து கிழக்கே வரும். எழுத்தும் இடமிருந்து வலம் போகும். அப்படியானால் முதல் கட்டம் தலைமடை, அங்கே வயல் தளும்பும். இரண்டாவதில் முழங்கால் அளவு, மூன்றாவதில் கணுக்கால் அளவு. நாலாவது கட்டம் கடைமடை, அதாவது எங்கள் ஊர். முத்துப்பேட்டைக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால், கடலுக்கு முந்தின கடைசி வயல்கள். அங்கே வெடிப்பு மட்டும்தான். இதுதான் என் கதையின் சட்டம்: நாலாவது கட்டத்தில் தண்ணீர் வராது.

அந்தக் காய்ந்த கட்டத்தில் யார் நிற்பது என்பதுதான் பெரும்பாடு. முதல் நண்டுக்குக் கண்ணிமை வைத்துத் தொலைத்தேன். பிஸ்கட் விளம்பரம் போல இருந்தது, கிழித்துப் போட்டேன். பதினோராவது நண்டு ஒரு கொடுக்கை நெற்றிக்கு மேல் மறைப்பாக வைத்துக்கொண்டு மேற்கே பார்த்து நின்றது. அதைத் திருத்தவே இல்லை. அது அச்சு அசல் என் அப்பா.

தலைமடைக் கொக்கு ஒன்று தினம் வந்து நண்டை உசுப்பேற்றும். "கொடுக்கு இருக்கு, வரப்பு இருக்கு. ஒரு ஓட்டை போட்டா பக்கத்து வயல் தண்ணி தானா வரப்போவுது. ஏன்யா நிக்கிற?" நண்டு நாலாவது கட்டத்தில் சொல்லும்: "முறை வரட்டும்." ஆற்றுத் தண்ணீரை ஊர் ஊராக முறை வைத்து விடுவார்களே, அந்த முறை. இன்னொரு கதையில் கல்யாணத் தரகர் ஒருவர் வருவார். பொண்ணு முறைதானே என்று கேட்பார். "முறைதான்," என்னும் நண்டு, "ஆனா முறை இன்னும் வரலீங்க."

கடையில் பேனருக்குக் காத்திருப்பவர்களிடம் காட்டுவேன். மூன்றாவது கட்டத்திலேயே சிரித்துவிட்டால் அந்தக் கதை குப்பைக்குப் போகும். நாலாவதில் சிரித்து, சிரித்தபின் கொஞ்சம் சும்மா இருந்தால் அதை வைத்துக்கொள்வேன். தொண்ணூறு வரைந்து நாற்பத்தெட்டைத் தேற்றினேன்.

அந்த வாரப் பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பினேன். போனில் பேசினார். "நல்லாருக்கும்மா. ஆனா எத்தனை நாள் நிக்கும்? கடைசி வாரத்துல ஓட்டை போட்டுடட்டும். ட்விஸ்ட்டா இருக்கும்."

"சார், ஓட்டை போட்டா அது வெறும் நண்டு. போடாம நிக்கிறதாலதான் கதை."

"யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சுதான் சார் வரைஞ்சேன்," என்று வைத்துவிட்டேன். அன்று சாயங்காலமே நாற்பத்தெட்டுப் பக்கத்துக்கு வெற்றுத்தாளில் டம்மிப் புத்தகம் மடித்துவிட்டேன். நானே போட்டுக்கொள்வேன், எவர் தயவும் வேண்டாம்.

தலைக்கனம் என்று சொல்லிக்கொள்ளுங்கள். அந்தத் தலைக்கனத்தில்தான் ஒரு தப்பும் செய்தேன். எங்கள் ஊர் விவசாயிகள் வைத்திருக்கும் 'ஆத்துத் தண்ணி நிலவரம்' வாட்ஸப் குழுவில் ஒரே ஒரு படத்தைப் போட்டேன். வசனம் கூட இல்லை, நண்டு நிற்கிற படம் மட்டும். அரைமணி நேரத்தில் எங்கள் ஊர் வாய்க்காலின் தலைமடையில் வயல் வைத்திருக்கும் அண்ணாதுரை எழுதினார்: "நம்ம அடைக்கலசாமி அண்ணன் சாயலாவுல்ல இருக்கு!" மறுநாள் டீக்கடையில் அப்பாவுக்குப் பேரே நண்டு என்று ஆகிவிட்டது.

பிளக்ஸ் கடைக்காரிக்கு நண்டு என்றால் படம். விவசாயிக்கு நண்டு என்றால் வரப்பைத் துளைக்கிற ஜந்து. ஊரில் ஒரு ஆளை நண்டு என்றால், ராத்திரியோடு ராத்திரியாக வரப்பை வெட்டி அடுத்தவன் தண்ணீரைத் திருப்புகிறவன் என்று அர்த்தம். வரப்பில் நடந்து வளர்ந்தவளுக்கு இது எப்படி மறந்தது என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். போன் பண்ணினேன்.

"முப்பத்தெட்டு வருஷம் பாய்ச்சிருக்கேன்," என்றார் அப்பா. "ஒருத்தன் வரப்புல ஒரு வெட்டு வெட்டிருப்பேனா? பெத்த மவளே படம் போட்டு ஊருக்குச் சொல்றா."

"அப்பா, அந்த நண்டு ஓட்டையே போடாதுப்பா, நீங்க ஒருதடவை படிச்சா..."

"ஓட்டை போடாத நண்டு எங்கம்மா இருக்கு?" போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அம்மா எடுத்து, "உங்கப்பா வயலுக்குப் போயிருக்காரு," என்பார். தண்ணீர் வராத வயலில் அந்த மனுஷருக்கு அத்தனை வேலை.

புத்தகம் வந்தால் படிப்பார், படித்தால் புரியும். இதை நம்பித்தான் வேலையை முடுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் ஊர் மாதா கோயில் வாசலிலேயே மேஜை போட்டுப் புத்தகத்தை வெளியிடுவது என்று பங்குச் சாமியாரிடம் அனுமதி வாங்கினேன். அப்பா அங்கே வந்து நிற்கவில்லை என்றால் ஐந்நூறு புத்தகம் விற்றும் எனக்கு ஒன்றுமில்லை.

தஞ்சாவூர் கீழவாசலில் மருதையன் அண்ணன் பிரஸ். கல்யாணப் பத்திரிகைதான் அவருக்குப் பிழைப்பு. மீந்துபோன பத்திரிகை அட்டையிலேயே என் புத்தகத்துக்கு மேலட்டை போட்டுக் கொடுத்தார். அதனால் புத்தகமும் பத்திரிகை மாதிரியே அகலவாட்டில் அமைந்தது. அட்டையில் தலைப்பும் என் பெயரும் நடுவே பொடி எழுத்தில் இருக்கும். மற்றபடி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நாலு கட்டம், கறுப்பு வெள்ளையில்.

சனிக்கிழமை மதியம் வாங்கப் போனேன். முதல் கட்டைத் தூக்கியதும் விரலில் ஈரம் ஒட்டியது. பார்த்தால், நூறு அட்டைக்கும் நாலு மூலையிலும் மஞ்சள்!

"மருதையண்ணே! என்னண்ணே இது?"

"முதல் கட்டு தங்கச்சி. மஞ்சள் வைக்காம குடுக்கிற பழக்கம் நம்மகிட்ட இல்ல."

"இது கல்யாணப் பத்திரிகையாண்ணே?"

"நல்ல காரியம்தானே?" என்றார், உண்மையாகவே புரியாமல். "ஏன், நீங்க வேதக்காரங்கன்னா? உங்க வீட்டுப் பத்திரிகைக்கும் நான்தான் மஞ்சள் வச்சேன், சிலுவைக்குப் பக்கத்துலயே."

திட்ட வந்த வாய் சிரித்துவிடும் போலிருந்தது. ஆனாலும் மாதக்கணக்கில் ஒவ்வொரு கோடாகப் பார்த்துப் பார்த்துப் போட்ட அட்டை அது. மஞ்சள் படாத நானூறை முன்னால் வைத்து விற்பது, இந்த நூறை எங்கேயாவது ஒளிப்பது என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு காலை பஸ்ஸிலிருந்து இறங்கினால், ரோட்டோரம் அப்பா டிவிஎஸ் வண்டியோடு நிற்கிறார். அம்மா சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்து கட்டையும் வாங்கி முன்னாலும் பின்னாலும் அடுக்கினார்.

"நீ பின்னால நடந்து வா," என்றார். ஆறு வாரத்தில் எனக்குக் கிடைத்த முதல் வசனம் அது.

வாய்க்கால் கரையில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏற, பின்னாலிருந்த கட்டின் காகிதம் கிழிந்து புத்தகங்கள் சரிந்தன. எந்தக் கட்டு என்று சொல்ல வேண்டியதில்லை, ஒளிக்க நினைத்த கட்டேதான். வாய்க்கால் காய்ந்துதான் கிடந்தது. மேட்டூர் அணை திறந்து இரண்டு மாதம் ஆகியும் எங்கள் ஊருக்கு முறை வரவில்லை. புழுதியில் விதைத்துவிட்டு எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா குனிந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் புழுதியைத் தட்டினார். தட்டிய கை அப்படியே நின்றது. வெயில் கண்ணில் அடிக்க, ஒரு கையை நெற்றிக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு அட்டையைப் பார்த்தார். அட்டையிலிருந்த நண்டும் அதே மாதிரி கொடுக்கை மறைப்பாக வைத்துக்கொண்டு மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்தக் கடைசி வயலுக்குத் தண்ணி ஏறியிருக்கே," என்றார்.

எட்டிப் பார்த்தேன். வலது கீழ்மூலையில், நாலாவது கட்டத்தின் வெடிப்பு மேல் மஞ்சள் ஊறிப் படர்ந்திருந்தது. புதுத் தண்ணீர் இந்த நிறத்தில்தான் வரும், கலங்கலாக. மேல்மூலைப் பொட்டு, கிழக்கே சூரியன் கிளம்பின மாதிரி இருந்தது. நேற்றிலிருந்து கறை கறை என்று கரித்துக்கொட்டியவளுக்கு இது கண்ணில் படவே இல்லை.

"ஓட்டை போட்டு வாங்குனதா?" குரல் கறாராக இருந்தது.

"உள்ள பாருங்கப்பா."

கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கோயிலில் முதல் மணி அடித்தது. அவர் புரட்டினார். சில பக்கங்களில் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய் ஒவ்வொரு வரப்பாகச் சோதித்தார், ஒரு துளையாவது கிடைக்குமா என்று. கல்யாணத் தரகர் பக்கம் வந்ததும் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அது அப்பாவின் சிரிப்பு. சிரித்துவிட்டுக் கொஞ்சம் சும்மா இருந்தார். இரண்டாம் மணியும் அடித்தது. நாற்பத்தெட்டாவது பக்கத்தை முடித்து மூடினார்.

"முறை வரட்டும்னு நான் சொல்றதைத்தான் இதுவும் சொல்லுது," என்றார் மெதுவாக.

"உங்களைப் பாத்துதானப்பா வரைஞ்சேன்." இன்னொரு புத்தகத்தின் புழுதியைத் தட்டினேன். "திருடாம நிக்கிற ஆளுன்னுதான் வரைஞ்சேன்."

அவர் மற்ற கட்டுகளைக் கையால் காட்டினார். "இதுக்கெல்லாம் பாஞ்சிருச்சா?"

"இல்லப்பா. இந்த நூறுக்குத்தான். மீதி நானூறும் காய்ஞ்சுதான் கிடக்கு."

"அதெப்படி? தலைமடைக்காரன் மாதிரி பேசாத," என்று எழுந்தார். "வீட்டுக்கு வா. அம்மாவை மஞ்சள் கரைக்கச் சொல்லு."

ஆசிரியர் கேட்டபோது ஒரு சொட்டுத் தண்ணீர் விடமாட்டேன் என்றவள் நான். உள்ளே என் சட்டம் அப்படியேதான் இருக்கிறது, நாற்பத்தெட்டுப் பக்கமும் காய்ந்துதான் கிடக்கும். ஆனால் பாய்ச்ச உரிமையுள்ளவர் வந்து நிற்கும்போது வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

அப்பா கூடத்தில் மஞ்சள் கிண்ணத்தோடு உட்கார்ந்தார். நாலு மூலைக்கும் வைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். "மத்ததுல எல்லாம் ஏற்கெனவே கிடக்கு. இது ஒண்ணுக்குப் போதும்." வெடித்த விரலை மஞ்சளில் தோய்த்து, முதல் அட்டையில், வரப்பு மீறாமல், நாலாவது கட்டத்துக்குள் மட்டும் ஓடவிட்டார். பிறகு நண்டின் பக்கம் குனிந்து, வயல்காரரிடம் வயல்காரர் சொல்வது போலச் சொன்னார்:

"முறை வந்துருச்சுய்யா."